சிவப்புக் குருவியும் அம்மாவின் பதினான்கு வருடப் பயமும்

அம்மா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுக்கும்போதே அண்ணன், "மரியாதையா எழுது. பெரியவங்க படிப்பாங்க. ஒன் அவசரத்த அதுல காட்டாத" என்றார். முயல்கிறேன். ஆனால் அம்மாவைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடாமல் அடக்கி வைப்பதுதான் சிரமம்.

அம்மா பிறந்தது அரும்பாவூரில். தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. சாமி சிலைகள் செதுக்கும் பட்டறைகளுக்கு மரம் சுமந்து போடுவார். அங்கே கழித்துப் போடும் வாகைத் துண்டுகள் அடுப்பெரிக்க வீட்டுக்கு வரும். அவற்றில் நல்லதாக நாலைந்தை அம்மா அடுப்புக்குக் கொடுக்காமல் ஒளித்து வைப்பாராம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் குரும்பலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவார். வாரத்தின் மற்ற நாட்களில் வீடு, கோழி, பிள்ளைகள், கூலி வேலை எல்லாமே அம்மாதான். வெங்காயக் காட்டில் களை எடுத்தார். பருத்தி எடுத்தார். மழை இல்லாத வருடங்களில் வேலை தேடிக் குன்னம் வரை போய் வந்தார். அந்த வருடங்களிலும் அண்ணனையும் என்னையும் ஒரு நாள்கூடப் பள்ளியிலிருந்து நிறுத்தியதில்லை.

மணமான முதல் கிறிஸ்துமஸுக்கு அப்பா மூங்கில் குச்சியில் காகித நட்சத்திரம் கட்டினாராம். விடிவதற்குள் மார்கழித் தூறலில் அது கூழாகிவிட்டது. "காயிதத்துல கட்டுனா கரையாம என்ன செய்யும்? அடுத்த வருசம் நான் கட்டுறேன், மரத்துல" என்றாராம் அம்மா. எங்கள் வீட்டு மர வேலை அப்படித்தான் தொடங்கியது.

அதற்குப் பிறகு அரும்பாவூர் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு சாக்கில் துண்டு மரம் வரும். ஒருமுறை கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார். அம்மா சிரிக்காமல், "ஆட்டுக்குட்டிங்க சார். இன்னும் கால் வெக்கல" என்றார். பின் சீட்டில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

ஐப்பசி பிறந்தால் வேலை ஆரம்பமாகும். சின்னக் கத்தியால் சீவுவார். உடைந்த பாட்டில் கண்ணாடியால் சுரண்டுவார். கடைசியில்தான் உப்புத்தாள். தொங்கவிட ஓட்டை போடுவதற்குக் கோணி ஊசியைக் கரி நெருப்பில் காய்ச்சிக் குத்துவார்; புகையும் மர வாசனையும் வீடெல்லாம் பரவும். நட்சத்திரம், மணி, ஆடு, குருவி எல்லாம் ஒரு சவுக்குக் கிளையில் தொங்கும். அந்தக் கிளைக்கு முன்னால் நின்று பார்க்கக் கோயிலுக்குப் போகிற வழியில் ஆட்கள் வந்து போவார்கள்.

இனி அந்தச் செய்திக்கு வருகிறேன்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கோசலைச் சித்தியின் காடு, காட்டோடு வீடு. சித்தி எங்களுக்கு உறவில்லை. ஆனாலும் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு ஏழு வயதானபோது அவருக்கு வளர்மதி பிறந்து பத்து மாதம். அந்த வருடம் அம்மாவுக்குப் பொம்மைகளுக்கு நிறம் பூச ஆசை வந்துவிட்டது. சித்தி ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்து நீட்டினார்.

"இந்தாங்கக்கா, பொங்கலுக்குக் கொம்புக்குப் பூசுனது. எங்க காளைக்கே எடுப்பா இருந்துச்சு, ஒங்க குருவிக்கு இருக்காதா?"

போன பொங்கலின் சிவப்புப் பெயிண்ட். மேலே ஆடை கட்டிக் கிடந்தது. அம்மா அதைக் குத்திக் கிழித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கிக் குருவிகளுக்குப் பூசினார். தவறு அங்கேதான். தூறல் விடவே இல்லை. மூன்று நாளாகியும் பெயிண்ட் காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. "தொங்க வுட்டா காத்துல காஞ்சிரும்" என்று அப்படியே தொங்கவிட்டார். கிறிஸ்துமஸ் காலையில் முறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுத்த தட்டில், வளர்மதிக்கென்று ஒரு சிவப்புக் குருவியும் போனது.

மதியம் அங்கிருந்து கூச்சல். நாங்கள் ஓடினோம். குழந்தையின் வாயெல்லாம் சிவப்பு, கக்கியதும் சிவப்பு. சித்தியின் மாமியார், "என்னடி குடுத்த புள்ளைக்கு? வாயத் தொறந்து சொல்லுடி!" என்று அலறினார். சித்தி கையில் இருந்த குருவியைக் காட்டி, "இதக் கடிச்சிருச்சுங்க அத்தை" என்றார்.

அம்மா குழந்தையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். சித்தியும் மாமியாரும் பின்னால் ஓடினார்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மாலை வரை படுக்க வைத்துப் பார்த்தார். "சளிதான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல. கூட்டிட்டுப் போங்க" என்றார். "மாட்டுக் கொம்புப் பெயிண்ட்டுங்க சார்" என்று அம்மா நாலு தடவை சொன்னாராம். நாலாவது தடவை டாக்டர், "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தனை குருவிகளையும் அம்மா அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு எந்தப் பொம்மைக்கும் நிறம் கிடையாது. கண்ணும் இறகும் சூடான கோணி ஊசியால் சுட்ட புள்ளிகள்தான். உங்களில் பலர் வீட்டில் இருப்பவை அந்தப் புள்ளிப் பொம்மைகள். "ஏன் கலரே அடிக்கல?" என்று கேட்டவர்களிடம் அம்மா, "இதான் அழகு" என்று மட்டும் சொல்வார்.

உள்ளுக்குள் இருந்த பயமும் நாளடைவில் மறைந்திருக்கும். மறக்க விடாமல் செய்தவள் நான். இதை எழுத அண்ணன் வேண்டாம் என்றார், எழுதத்தான் வேண்டும்.

வளர்மதிக்குப் பேச்சு மூன்றரை வயதுக்கு மேல்தான் வந்தது. ஆறாம் வகுப்பு அரைப் பரீட்சையில் கணக்கில் பெயில். அந்தச் சமயம் நான் திருச்சியில் கல்லூரி முதலாண்டு, வேதியியல். படித்ததை உடனே யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு சனிக்கிழமை வந்ததும் வராததுமாக ஆரம்பித்தேன்.

"அம்மா, ஒனக்குத் தெரியுமா? பெயிண்ட்ல ஈயம் இருக்கும். கொழந்தைங்க தின்னா ஒடனே ஒண்ணும் தெரியாதாம். மெதுவா மூளையத் தாக்குமாம்!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "பேச்சு லேட்டா வருமா?"

"வரலாம்."

"கணக்கு?"

"கணக்கும்தான்!" என்றேன் பெருமையாக. யாரை மனதில் வைத்துக் கேட்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு முட்டை வேலி தாண்டிப் போனது. "வளர்ற புள்ள, சாப்புடட்டும்" என்பார். எங்களுக்கு இருந்ததே மூன்று கோழிகள். "நம்ம கோழிங்க முட்டை போடுறத வுட்டுருச்சா?" என்று அண்ணன் கேட்பார். அம்மா கோழிக்குத் தீனி போடப் போய்விடுவார். மூன்று வருடங்கள் இப்படிப் போயின. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகும் அம்மா மட்டும் உள்ளே முட்டி போட்டிருப்பார். எங்களுக்காக வேண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு இருதயம் பலவீனமானது. கடைசி மாதம் படுக்கையில். கோசலைச் சித்தி தினமும் வந்து தலை வாரிவிடுவார். ஒரு நாள் வாரிக்கொண்டிருக்கும்போது அம்மா என்னைக் கூப்பிட்டு, "நான் போனாலும் வளர்மதிக்கு முட்டை நிக்கக் கூடாது" என்றார்.

சித்தி சீப்பை நிறுத்தினார். "நானும் கேக்கணும்னே இருந்தேன். எதுக்குக்கா நெதமும் முட்டை? ஊருல வேற புள்ளையே இல்லியா?"

அம்மா சொன்னார். குருவி, ஈயம், பேச்சு, கணக்கு எல்லாவற்றையும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். என் வாய்தானே இதற்கெல்லாம் காரணம்.

கேட்டுக்கொண்டிருந்த சித்தி படாரென்று தன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ அக்கா! புள்ள அந்தக் குருவியத் தொடவே இல்லக்கா! கையில பிசுபிசுன்னு ஒட்டுது, மண்ணெண்ண நாத்தம் வேற. அப்பவே கூரை எரவாணத்துல சொருகிட்டேன்."

"அப்பறம் வாயில செவப்பு?"

"ஜவ்வு மிட்டாய்க்கா. புள்ளைக்குச் சளி, இனிப்பே காட்டக் கூடாதுன்னு மாமியா சொல்லிருந்தாங்க. அழுவுதேன்னு துளி குடுத்தேன். அது கக்கிருச்சு. அவங்க போட்ட சத்தத்துல என்ன சொல்றதுன்னு தெரியாம எரவாணத்துல இருந்தத உருவிக் காட்டிட்டேன். பஸ்ஸுல சொல்லலாம்னா அவங்களும் கூடவே ஏறிட்டாங்க. டாக்டரு ஒண்ணுமில்லன்னதும் முடிஞ்சுதுன்னு வுட்டுட்டேன். நீங்க இத்தன வருசம் மனசுல போட்டுக் கொடைவீங்கன்னு நான் கண்டனா?"

"பேச்சு லேட்டா வந்துச்சே?"

"அவ அப்பாவே நாலு வயசு வரைக்கும் கையக் கால ஆட்டித்தான் கேப்பாராம்."

"கணக்கு?"

"நானே மூணாங்கிளாஸ்ல ரெண்டு வருசம் ஒக்காந்தவக்கா."

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது, அதையும் தாண்டிச் சிரித்தார். சித்தி காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எந்திரிடி. ஒம் மாமியாளுக்கு இந்தத் தெருவே பயந்துச்சு. நானா இருந்தாலும் குருவியத்தான் காட்டிருப்பேன்" என்றார் அம்மா. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்ததும் என் பக்கம் திரும்பி, "நீ படிச்சத சொன்ன. அதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்குற?" என்றார்.

சாயங்காலம் வளர்மதியே வந்தாள். பத்தாம் வகுப்பு, வாய் ஓயாது. "ஏம் பெரிம்மா, எல்லாம் தெரிஞ்சு போச்சாமே. அப்ப நாளைலேருந்து முட்டை கெடையாதா?"

"பயத்துல குடுத்தது இன்னிக்கோட சரி. நாளைலேருந்து ஆசைக்குக் குடுக்குறேன். வந்து வாங்கிக்க."

அன்றைக்குத் தூக்க மாத்திரை கேட்காமல் தூங்கினார். பதினோராம் நாள் ஞாயிறு காலை, அப்பா பக்கத்தில் இருக்க, மூச்சு அமைதியாக நின்றது.

அம்மாவுக்கு மருத்துவம் பார்த்தவர்கள், அடக்கத்துக்குப் பந்தல் போட்ட இளைஞர்கள், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சோறு கொண்டு வந்த பெண்கள், ஜெபம் செய்தவர்கள், அரும்பாவூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் மழையோடு வந்து நின்றவர்கள் அனைவருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோசலைச் சித்திக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "பதினாலு வருசம் சொல்லாம இருந்துட்டனே" என்று இன்னும் நீங்கள் எங்கள் வாசலில் அழுகிறீர்கள். அழாதீர்கள் சித்தி. நீங்கள் சொன்ன பிறகு அம்மாவுக்குப் பதினொரு நாள் கிடைத்தது. அந்தப் பதினொரு நாளும் யாருக்கும் தீங்கு செய்யாதவளாகத் தன்னைத் தெரிந்துகொண்டு அம்மா வாழ்ந்தார். எங்களுக்கு அது போதும்.

இளைய மகள்