எல்லாம் தெரிந்தவன் என்று ஒரு சான்றிதழ்

சான்றிதழ் எழுதிய அன்று திண்டிவனம் பட்டறையில் முதலாளி இருந்தார், நான் இருந்தேன், கம்ப்யூட்டரில் அடித்துத்தர பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா வந்திருந்தார். அப்பா இல்லை. மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் அவரே கடலைக் கொல்லையில் நின்றார். விசா விதி தெரிந்த ஒரே ஆள், எனக்கு ஸ்பான்சராக நின்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் அலுவலகப் பெண், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அது அறுவடை இயந்திரக் கம்பெனி. அவர்கள் விற்ற வண்டி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தபோது பார்க்க வந்த என்ஜினியர், இரண்டு நாள் என்னோடு சேர்ந்து கியர்பாக்ஸைக் கழற்றிப் பூட்டினார். அவர் ஊர் திரும்பியதும், இரண்டு வருடப் பயிற்சி விசாவில் என்னை எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி எழுதியது. புது வண்டிகளின் சென்சார், கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுத் தருவார்கள், சம்பளமும் உண்டு.

முதலில் கம்பெனியை ஸ்பான்சராக அங்கே அரசாங்கம் ஏற்க வேண்டும். பிறகு, இந்த ஆளுக்கு இந்தப் பயிற்சி என்று கம்பெனி எழுதித்தர வேண்டும். கடைசியில்தான் என் விசா. முதல் இரண்டும் அவர்கள் செலவு, மூன்றாவது என்னுடையது. இதை அப்பாவுக்கு விளக்கவே முடியவில்லை.

"ஸ்பான்சர்னா அவன்தானடா எல்லாம் குடுக்கணும்? நம்மூரு வாலிபால் மேட்ச்சுக்கு சோடாக்காரன் ஸ்பான்சர் பண்ணான். பந்துலேந்து பனியன் வரைக்கும் குடுத்தானே!"

வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன், விழுப்புரத்தில் டிப்ளமோ முடித்தவன் நான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, அப்பா காணி நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டுப் பணம் கொடுத்தார்.

கம்பெனிப் பெண் மெயிலில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். ஒரு வருடமாவது இந்த வேலை பார்த்திருக்க வேண்டும். ஆனால் கற்கப்போவது எனக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். முதலாளியின் சான்றிதழில் இரண்டும் வரவேண்டும். நான் அதைத் தமிழில் சொன்னதும் முதலாளி ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இன்னாடா, தெரியாதுன்னு எழுதச் சொல்ற?"

"கம்ப்யூட்டர் வேலை மட்டும்ணா. நம்மகிட்ட அந்த மிஷினே இல்லியே."

"அஞ்சு வருசமா எங்கிட்ட இருந்துக்கினு தெரியாதுன்னா, ஊர்ல என் பட்டறைய இன்னான்னு பேசுவான்? பொண்ணு பாக்கப் போற எடத்துல மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னா சொல்லுவாங்க? நீ அடிம்மா."

அக்கா சிரித்துக்கொண்டே அடித்தார். 'இவனுக்குத் தெரியாத வேலை கிடையாது. யாரும் எதுவும் கற்றுத்தரத் தேவையில்லை.' இதை ஆங்கிலத்தில் ஆக்கியவன் நான்தான். தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் ஐந்து வருடத்தில் ஒருநாளும் என்னை நல்லவிதமாகச் சொல்லாத மனிதர் சொல்கிறார். இரண்டு தடவை படித்துப் பார்த்து, விசா விண்ணப்பத்தோடு அப்படியே அனுப்பினேன். கம்பெனிப் பெண்ணிடம் முதலில் காட்டவும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து விசா அலுவலகத்திலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். "நோ டிரெயினிங் சார்! ஆல் டிரெயினிங் ஓவர்! ஹீ நோ எவ்ரிதிங்!" என்று அவர் கத்துவது கேட்டது. நான் ஊர்ந்து வெளியே வருவதற்குள் போனை வைத்துவிட்டார்.

"ஜல்தியா பேசி முடிச்சிட்டேன். டிக்கெட்டப் போடு."

மறுப்பு மெயிலிலேயே வந்தது. விண்ணப்பதாரர் வேலையை முழுக்க அறிந்தவர் என்று அவர் முதலாளியே சொல்லும்போது பயிற்சி எதற்கு என்று கேட்டிருந்தார்கள். கம்பெனிப் பெண் வருத்தம் தெரிவித்தார். சீசன் தொடங்குவதால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்.

முதலாளி கூப்பிட்டார். "வா, ஒண்ணுமே தெரியாதுன்னு இன்னொண்ணு எழுதித் தரேன். கையெழுத்து என்னுதுதானே?"

"ரெண்டையும் வச்சிப் பாத்தா ஒண்ணு பொய்னு சொல்லுவான்ணா. அப்புறம் எந்த ஊருக்கும் போவ முடியாது."

"ஒரே பேஜாரா போச்சிடா ஒன்னோட. நல்லதுதானே சொன்னேன்?"

நல்லதுதான் சொன்னார். அதனால்தான் அவரைத் திட்டவும் வழியில்லை. அந்த மத்தியானம் முழுக்க ஒரு போல்ட்டைத் திரும்பத் திரும்ப முறுக்கி, மரையைக் கெடுத்து வைத்தேன்.

வீட்டில் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "தெரியாதுன்னு சொல்லியிருந்தா உட்ருப்பானா?"

"உட்ருப்பான்."

"அதச் சொல்றதுக்கா ஒன்னப் படிக்க வெச்சேன்?"

திட்டுகிறாரா, எனக்காகப் பேசுகிறாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவர் போட்ட தொகையில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு, சென்னையில் மருத்துவப் பரிசோதனை, விசாக் கட்டணம், பஸ் எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.