கழுத்தளவுக் குழி

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் கோயில்பிள்ளை அவர். மணி அடிப்பதும் கல்லறைக் குழி வெட்டுவதும் அவர் வேலை. ஒடிசலான ஆள், விலா எலும்பு தெரியும். வெட்டிய குழிக்குள் நின்று பார்ப்பார். தரை தன் கழுத்தளவுக்கு வந்தால்தான் மேலே ஏறுவார்.

அன்று செத்தவன் அவர் மகனை வெட்டிக் கொன்றவன். ஜாமீனில் வந்த இடத்தில் நெஞ்சுவலி. துணைக்குப் போன நான் நெஞ்சளவு வெட்டியதும் மண்வெட்டியை வைத்துவிட்டேன்.

“இவனுக்கு இது போதும் அண்ணாச்சி.”

“வெட்டுலே.”

“கடைசிக் காலத்துல அக்கிரமம் பெருகும், அன்பு தணியும்னு வேதத்துலயே எழுதியிருக்குல்லா?”

“தணியும்னு எழுதியிருக்கு. நீ தணிச்சுக்கோன்னு எழுதல்ல.”

“அப்ப அவன மன்னிச்சிட்டியளா?”

“மனசு வரல்ல மக்கா. மனசு வந்தபொறவு செய்யின்னா கர்த்தர் சொன்னாரு?”

மீதியை அவரே வெட்டினார். பெட்டியை இறக்கக் கயிறும் பிடித்தார். மண் மூடி எல்லோரும் போன பிறகு, மதிலோரம் குனிந்து வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். வாய் கொப்பளித்தார்.

மனசு வராமலும் சொன்னதைச் செய்வதுதான் கர்த்தர்மேல் வைக்கிற அன்பு என்றால், எனக்கு அதை நினைக்கப் பயமாக இருக்கிறது.