சத்து மாத்திரை டப்பா

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. செத்துப்போன கணவர் வழியாக வந்தது. கூடவே இருக்கும் அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையிலேயே கிடைப்பதை, தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக் கூடாதென்று நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினேன். முதல் நாளே அங்கே பெஞ்சில் எங்கள் ஊர் டவுண் ஜவுளிக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே யோசனை போல. நான்கு வருஷம் மாசா மாசம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தோம். 'மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சலும் இருமலும் வந்தன. மெடிக்கலில் கேட்டு வாங்கியதை மூன்று நாள் விழுங்கினேன். நான்காம் நாள் மூச்சு விட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள், கிருமி ரத்தத்திலும் கலந்துவிட்டதாம்.

"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சத்து மாத்திரைதான் சார். ஒரு நாளும் விட மாட்டா" என்றாள் அக்கா, பெருமையாக.

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் கட்டிலைச் சுற்றிச் சபைக்காரர்கள் நின்று எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். உயிரைவிட மானம் பெரிதாகத் தெரிந்தது. அறிவு கெட்ட ஜென்மம். மறுநாள் முகத்தில் மாஸ்க்கை மாட்டிவிட்டார்கள். இனிச் சொல்ல நினைத்தாலும் முடியாது. காய்ச்சல் இறங்கவில்லை. இப்படியே போனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். அவருடைய பேத்தி நான் பாடம் எடுக்கும் வகுப்பில் படிக்கிறாள். நெற்றி நிறையத் திருநீறோடு, ஜெபம் முடியும்வரை கண்ணை மூடி நின்றார். கூட்டம் போனதும் டாக்டர் வந்தார். அக்கா கட்டிலருகேதான் இருந்தாள். அண்ணாச்சி அவளை ஒருமுறை பார்த்தார்.

"சார், டீச்சருக்கு எச்.ஐ.வி. இருக்கு. நாகர்கோவில்ல மருந்து வாங்குதாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அங்கனதான் வாங்குதேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். அன்றைக்கே வேறு பரிசோதனைகள் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். பத்தாம் நாள் நடந்தேன்.

"ஏட்டி, எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா" என்று அக்கா வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அழுதாள். வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் துணியெல்லாம் அண்ணாச்சி கடையில்தான் எடுத்தோம். அக்கா பேரம் பேசாமல் துணி எடுத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.