கொடியில் காயும் இரண்டு துணிகள்

இந்த மலாய் நாட்டில் பெட்டியைப் பத்து நாள் திறக்காமல் வைத்தால் துணியில் பூசணம் பூத்துவிடும். காலையில் வெயில், மத்தியானம் மழை, வருஷம் முழுக்க இதே கதை. இரணியல் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் காலையில் போட்ட வேட்டியை உச்சிக்குள் எடுத்து மடித்துவிடலாம். இங்கே இருபது வருஷமாக வாரம் ஒருமுறை பெட்டியில் உள்ளதையெல்லாம் எடுத்து வெயில் காட்டிக்கொண்டிருக்கிறேன். உடுத்தாத துணிக்கும் இதே பாடுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்புக்கு மேல் போனவனில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கூலியாகத்தான் கப்பலேறினேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் யார் என்று துரை கேட்ட அன்று வரிசையிலிருந்து முன்னே வந்து நின்றவன் நான் ஒருவன்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய்ந்ததும் நான், கரும்பலகைக்கு மை பூசியதும் நான், பாடம் சொன்னதும் நான். என்னிடம் அரிச்சுவடி படித்தவர்கள் இன்று கிராணிகளாக, ஆபீசில் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

ஆனால் கல்யாணமாகாத வாத்தியார் தோட்டத்தில் எந்தப் பக்கத்திலும் சேராதவன். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் போய் நின்றால், வயசுப் பெண் உள்ள வீட்டில் பாயைச் சுருட்டிவிடுவார்கள். கிராணி வீட்டிலோ வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மனுஷனோடும் பேசாமல் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை பிள்ளைகள் முன்னால் வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே வேற்றாள் குரல்போலக் கேட்கும்.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற தோட்டத்து வாத்தியார்களுக்குச் சனிக்கிழமைதோறும் பட்டணத்தில் வகுப்பு வைத்தார்கள். அங்கேதான் தங்கரத்தினம் டீச்சரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், தமையன் வீட்டில் தங்கிப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள், அவளும் அந்த வகுப்புக்கு வந்தாள். எனக்குப் பின்னக் கணக்கு வராது. வராது என்று யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். “மாஸ்டர், கீழ இருக்கிறதையும் சேர்த்துக் கூட்டிப்போட்டீங்கள்” என்று வேறு யார் காதிலும் விழாமல் சொன்னாள். அதன்பிறகு ஒரு வருஷம், வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் எனக்குச் சொல்லித்தந்தாள். அந்த அரைமணிக்காக ஆறு நாள் காத்திருந்தேன்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மேளதாளமெல்லாம் பிற்பாடுதான். ஆண்பிள்ளை புடவை கொடுக்கவேண்டும். பெண் அதை வாங்கி உடுத்தவேண்டும். உடுத்திவிட்டால் அவள் அவனுடைய பெண்சாதி. ஆகையால் தாயையும் உடன்பிறந்தவளையும் தவிர வேறொரு பெண்ணுக்கு நாங்கள் விளையாட்டுக்குக்கூடத் துணி கொடுக்கமாட்டோம்.

பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த காசிம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோட்டாற்றுக்காரர். நீலப் புடவை ஒன்று கேட்டதும் முழக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏலே மக்கா, யாருக்குலே? அம்மைக்குன்னா வெள்ளையில்லா எடுப்ப?”

“யாழ்ப்பாணத்து டீச்சருக்கு.”

“அவகிட்ட கேட்டியா?”

“உடுத்துனா சம்மதம்தான? ஒமக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா? வாயைத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிரு மக்கா. இது நம்ம ஊரில்ல.”

“துரைக்கு முன்னால தனியா நின்னவன் நான். எனக்கு ஆளு சொல்லித் தரணுமாக்கும்!”

“நீ நின்ன, சரி. அவ நிக்கணும்லா!” என்று சிரித்தபடி புடவையை மடித்துத் தந்தார்.

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, “எனக்கோ? நல்ல வடிவு மாஸ்டர்” என்றாள். அடுத்த சனிக்கிழமை அதையே உடுத்திக்கொண்டு வந்தாள். அன்று கரும்பலகையில் எழுதியது ஒன்றும் என் கண்ணில் ஏறவில்லை. காசிம் அந்த வாரம் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். “அம்மைகிட்டச் சொல்லணும், புடவ கொடுத்தாச்சு, அவ உடுத்தாச்சுன்னு. மாமா மவளுக்கு வேற எடம் பாக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினேன். மாமா மகள் அதுவரை எனக்காகக் காத்திருந்தவள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் டீச்சர் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

“ஊரில எனக்குக் கலியாணம் பேசி முற்றாக்கிப்போட்டினம் மாஸ்டர். வாற கிழமை கப்பல். கணக்குச் சொல்லித்தந்ததுக்கு நீங்கள் குரு தட்சிணையா சீலை தந்தனீங்கள். நான் வெறுங்கையோட போறது சரியில்லை. இந்தாங்கோ, வேட்டி.”

“அந்தப் புடவை…” என்றேன்.

“அதைக் கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறப்போறன்” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பின்னக் கணக்கு இனித் தடையில்லாமல் வரும் என்று பெருமையாகச் சொன்னேன். வந்ததும் உண்மை. வகுப்பு முடிவில் வைத்த பரீட்சையில் தோட்டத்து வாத்தியார்களில் நான்தான் முதல்.

ஊருக்கு எழுதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் மாமா மகளைக் குலசேகரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நாலாம் வகுப்புக்காரன் டீச்சரைக் கட்டிவிட்டான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாம். அந்தப் பேச்சை என் கையாலேயே அழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குப் போனால் அவள் எங்கே என்று கேட்பார்கள், அதனால் போகவுமில்லை. அம்மை யாரையாவது பிடித்துக் கடுதாசி எழுதுவாள்: ‘மருமகளுக்குச் சுகம்தானே. அவளை ஒருதரம் கூட்டிக்கொண்டு வா.’ நாலு வருஷத்துக்கு முன்னால், ஊரிலிருந்து வந்த ஆளிடம் மருமகளுக்கென்று சரிகைக்கரை போட்ட புடவை ஒன்று கொடுத்தனுப்பினாள். மறுவருஷம் அம்மை போய்விட்டாள்.

இன்று காலை இரண்டையும் கொடியில் போட்டேன். டீச்சர் தந்த வேட்டி, அதன் பக்கத்தில் அம்மையின் புடவை. இரண்டும் மடிப்புக் கலையாதவை. அந்த வழியாகப் போன மலாய்க்காரக் காவல்காரன், புதிதாக வந்தவன், சைக்கிளை நிறுத்தினான். பெண்சாதி வந்துவிட்டாளா என்று அவன் பாஷையில் கேட்டான். “பெலும்” என்றேன். இன்னும் இல்லை என்று பொருள். இந்த ஊரில் கல்யாணமாயிற்றா என்று கேட்டால் கிழவனானாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், இன்னும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மேற்கே மேகம் கறுக்கிறது. ஓடிப்போய் எடுக்கவேண்டும். காற்றில் வேட்டியும் புடவையும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. பிரித்தெடுக்கத்தான் நேரமாகும்.