பிறந்தநாள் வாழ்த்தோடு போன கோப்பு

ஊழியர்களின் விவரங்களைச் சம்பளப் பிரிவு அக்கா யாருக்கோ விற்றுவிட்டார் என்று அலுவலகத்தில் ஒரே பேச்சு. விசாரித்தேன். விற்கவில்லை, இலவசமாகவே வாரி வழங்கியிருக்கிறார். மாதாமாதம் போகும் பிறந்தநாள் வாழ்த்தில் கேக் படத்துக்குப் பதிலாக, எல்லோருடைய வயதும் வங்கிக் கணக்கும் அடங்கிய கோப்பை இணைத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

"பேசாம இருந்துடுங்க, யார் திறந்து பாக்கப்போறா?" என்றார் மேலாளர்.

"அப்புறம் இவங்க முகத்துல எப்படி சார் முழிக்கிறது?" என்ற அக்கா, மேசை மேசையாகப் போய்த் தவறை ஒப்புக்கொண்டு, வங்கியில் சொல்லிவைக்கச் சொன்னார்.

எல்லோரும் மன்னித்தார்கள். வரவேற்பறைப் பெண்மணி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கணக்கு நம்பரை மாத்திக்கலாம், வயசை எங்க போய் மாத்த? மூத்தவளா இருந்துக்கிட்டு உங்களையே அக்கான்னு கூப்பிட்டது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே!"

அந்த மன்னிப்பு இன்னும் பாக்கி.