கரும்பலகையில் நான்கு கட்டம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா ஏனாத்தூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். விடிவதற்குள் செவிலிமேட்டிலிருந்து கிளம்பி, பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் இருக்கும் தெருக்களைப் பெருக்குவாள். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதற்குமேல் பி.எட். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். அதை நான் மறைத்ததில்லை.

ஆங்கிலம் எனக்குப் பேச்சாக வரவில்லை. கட்டங்களாகத்தான் வந்தது. பேசிப் பார்க்க வீட்டில் ஆள் கிடையாது. பலகையில் நான்கு கட்டம் போட்டுக்கொள்வேன். முதல் கட்டத்தில் ஓர் ஆளின் பெயரோ ஊரின் பெயரோ. இரண்டாவதில் வினை. மூன்றாவதில் 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்' மாதிரி இணைப்புச் சொற்கள். நான்காவதில் அந்தச் செயல் எப்படி நடந்தது, எப்போது நடந்தது என்று சொல்லும் வினையடைகள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒன்றை எடுத்துக் கோத்தால் வாக்கியம். இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினையைச் சேர்த்தால் வாக்கியம் நீண்டுகொண்டே போகும். அப்படிக் கோத்துக் கோத்துத்தான் நான் முதுகலை வரை வந்தேன்.

சாயங்காலங்களில் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஆறாவது படிக்கும் ஒரு பெண் கெட்டிக்காரி. இலவச ஒதுக்கீட்டில் பெரிய காஞ்சிபுரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் படிக்கிறாள். அவளிடம் ஒன்றை அடிக்கடி சொல்வேன். தமிழில் வினை கடைசியில்தான் வரும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, சொல்ல வந்ததை நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் முடியாது. யார் என்று சொன்ன மூச்சிலேயே என்ன செய்தார் என்றும் சொல்லிவிட வேண்டும். பெயரைச் சொன்னபின் தயங்காதே, போய்க்கொண்டே இரு என்பேன்.

அந்தப் பள்ளியிலேயே ஆங்கில ஆசிரியைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். அதற்கு முன்பு போன இடங்களில் எல்லாம், அனுபவம் இல்லை என்றோ பேச்சில் சரளம் போதாது என்றோ அனுப்பிவிட்டார்கள். பி.எட். முடித்து வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வேலை கிடைத்தால் அம்மாவைத் துடைப்பத்திலிருந்து விடுவித்துவிடலாம். என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

நேர்காணலில் தாளாளர் என்னை "வாங்க, உட்காருங்க" என்றார். காபி வந்தது. தலைமையாசிரியை என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, "போர்டு வொர்க் எப்படின்னு பாத்துடலாமே" என்றார். எந்த வகுப்பு என்று சொல்லாமலேயே மாடிக்கு அழைத்துப் போனார்கள். அது ஆறாம் வகுப்பு. நடு வரிசையில் எங்கள் காலனியின் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் பூரித்துப்போனது.

நான்கு வண்ணத்தில் நான்கு கட்டம் போட்டேன். வகுப்பு மெல்ல என் வசம் வந்தது. முதல் கட்டத்துக்குப் பெயர் கேட்டேன். நடிகர் பெயர், கிரிக்கெட்காரர் பெயர், சென்னை, துபாய் என்று கத்தினார்கள். வினைகள் வந்தன, வினையடைகள் வந்தன. இதையெல்லாம் சேர்த்து நீங்களே ஒரு நீண்ட வாக்கியம் சொல்லுங்கள், புத்தகத்தில் இருப்பது வேண்டாம் என்றேன். வகுப்பு அடங்கிவிட்டது. புத்தகத்தில் இல்லாததை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பின்வரிசையில் தாளாளர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு கை உயர்ந்தது, எங்கள் காலனிப் பெண்ணுடையது. அவளை எழுப்பினேன்.

அவள் என் பெயரைச் சொல்லி, 'அக்கா' சேர்த்து, தயங்காமல் தொடர்ந்தாள். "லிவ்ஸ் இன் அவர் காலனி அண்ட் டீச்சஸ் அஸ் நைஸ்லி, அண்ட் ஹெர் மதர் ஸ்வீப்ஸ் திஸ் ஸ்ட்ரீட் டெய்லி."

அக்கா எங்கள் காலனியில்தான் இருக்கிறாள், எங்களுக்கு நன்றாகப் பாடம் சொல்லித் தருகிறாள், அவளுடைய அம்மா தினமும் இந்தத் தெருவைப் பெருக்குகிறாள். எல்லாக் கட்டமும் அதனதன் இடத்தில் இருந்தது. வேறு எந்த வகுப்பிலும் அவ்வளவு நல்ல வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அதைப் பலகையில் எழுதினேன். பெயருக்கும் வினைக்கும் தனித்தனியே அடிக்கோடு போட்டேன். வேறென்ன செய்வது? பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கீழே அறைக்குத் திரும்பியபோது தாளாளர் நாற்காலியைக் காட்டவில்லை.

"காலையில நம்ம வாசல் பக்கம் பெருக்குமே, அது பொண்ணாம்மா நீ?"

"ஆமா சார்."

"பரவால்லியே. கஷ்டப்பட்டுப் படிக்க வச்சிருக்குது. கூப்பிட்டுச் சொல்றோம்மா."

தலைமையாசிரியை என் சான்றிதழ்களை அடுக்கிக் கையில் கொடுத்தார். பேருந்தில் வரும்போது அந்த 'நீ'யைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மாடிக்குப் போகும்போது 'நீங்க', இறங்கி வந்தபோது 'நீ'. நடுவில் ஒரு வாக்கியம்தான் சொல்லப்பட்டிருந்தது.

சாயங்காலம் அந்தப் பெண் வழக்கம்போல வந்தாள். "அக்கா, நான் சொன்னது கரெக்டுதானே?"

"கரெக்டுதாம்மா."

"அப்போ நீ எப்பத்துலேந்து வர்ற? எங்க கிளாஸ்ல எல்லாம் கேட்டுக்கினே இருக்குதுங்க."

பார்க்கலாம் என்றேன். அன்றைக்குப் பாடம் எடுக்க முடியவில்லை. தலைவலி என்று எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டேன்.

சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கைபேசியில் அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அலுவலகப் பெண் பேசினாள். கீழ் வகுப்புகளுக்கு ஆயாம்மா வேலை காலியாக இருக்கிறதாம். சின்னப் பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டும், வகுப்பறைகளைத் துடைக்க வேண்டும். அம்மாவைக் காலையில் வரச்சொல்ல வேண்டுமாம். சார்தான் ஞாபகமாகச் சொன்னாராம்.

அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெருக்கப் போன இடத்திலேயே பள்ளிக் காவலாளி அவளிடம் சொல்லிவிட்டான். அவள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள்.

"நெழலு, ஃபேனு, ஞாயித்துக்கெழம லீவு. உனக்கு இன்னாத்துக்கும்மா மூஞ்சி இப்டி போவுது? உனக்குக் கெடைக்கல, எனக்காச்சும் கெடச்சுதே."

போகாதே என்று சொன்னேன். அங்கே மட்டும் வேண்டாம் என்றேன். அவள் வெயிலில் நின்று கறுத்துப்போன கழுத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஆயாம்மா வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆசிரியை வேலைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்களாம். அந்த டீச்சர் நல்ல டீச்சர் என்று அம்மாவே வந்து சொன்னாள். அவளுக்கு எதையும் மறைத்துச் சொல்லத் தெரியாது.

அந்தப் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. வளாகத்துக்குள் பிள்ளைகளிடம் யாரும் தமிழில் பேசக்கூடாது, ஆயாம்மாவும்கூட. நேற்று அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளைச் சீக்கிரம் வந்து கை கழுவச் சொல்வதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாள்.

"கம் குவிக்லி அண்ட் வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்."

அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவில் இருக்கும் 'அண்ட்' அவளுக்குத் தொல்லையாக இருந்தது. "அது இல்லாட்டி புள்ளைங்க கை கழுவாதுங்களா?" என்று சிரித்தாள். வினை, வினையடை, இணைப்பு, மறுபடி வினை. முதல் கட்டத்தை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த வேலைக்கு யார் பெயரும் தேவைப்படாது. கடைசியில் தவறில்லாமல் சொல்லிவிட்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, எம் பொண்ணுதான்னு சொல்லட்டா?"

"வேணாம்மா," என்றேன். "யூடியூப்ல பாத்தேன்னு சொல்லு."