நிழலில் முப்பத்தேழு டிகிரி

பூங்கொடி அக்கா போய்விட்டாள். நேற்று மதியம் வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு விழுந்து... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

காலையில் சாவு வீட்டில் மேஸ்திரி என்னிடம் செல்போனை நீட்டுகிறார். "வெயில்னு சொல்லாதம்மா. பாரு, நேத்து முப்பத்தேழு டிகிரிதான். நார்மல்."

நார்மலாம்!

மேஸ்திரி சார், அது நிழலில் எடுக்கிற கணக்கு. வெள்ளைப் பெட்டிக்குள் வெயில் படாமல் தெர்மாமீட்டரை வைத்து எடுப்பார்கள். அக்கா நின்ற பாத்தியில் நிழல் எங்கே இருந்தது? ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகை போடச் சொல்லி எத்தனை தடவை கேட்டாள்...

ப்ளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு சீசன் அவளோடு உப்பு வாரினேன். அப்புறம் மயிலாடுதுறைக்கு ஜியாகரபி படிக்கப் போய்விட்டேன். படித்ததை எல்லாம் போனில் அவளிடம் ஒப்பிப்பேன்.

வானிலை என்பது இன்றைய நிலவரம், காலநிலை என்பது பல வருஷத்துச் சராசரி என்றேன்.

"மேஸ்திரி இன்னிக்குக் கத்துனா வானிலை. வருஷம் பூரா கத்துறாரே, அது காலநிலை. சரியாடி?"

நூற்றுக்கு நூறு அக்கா.

போன வாரம் ஈரப்பதம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. அதனால்தான் கடலோரத்தில் அதே டிகிரி ஆளையே சாய்த்துவிடும் என்று சொன்னேன்.



"அப்ப எனக்குத் தலை சுத்துறது சோம்பேறித்தனம் இல்லையாடி? மேஸ்திரி அப்படித்தான் சொல்றாரு. நானும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

 நான் சொல்கிற வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள்.

வாட்ஸ்அப் க்ரூப்பில் மேஸ்திரி அக்கா படத்தைப் பூமாலையோடு போட்டிருக்கிறார். "கடின உழைப்பாளி"யாம். உயிரோடு இருந்தபோது சோம்பேறி!

இதை அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் டைப் செய்கிறேன். அக்காவைக் கிடத்தியிருக்கும் இடத்தில் பெரிய ஷாமியானா கட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி சொந்தச் செலவில் அனுப்பி வைத்தாராம். எல்லாரும் அவரைப் பாராட்டுகிறார்கள்.

கேட்ட நிழல் வந்துவிட்டது அக்கா...

படுத்துக்கோ. யாரும் எழுப்ப மாட்டார்கள்.